ஈறு நிறம்

பகலில் பல்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஷாமினி டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கம்
எட்டுக்கு ஆறு அறை.
வாயில்லாத தாடைகள்
நெற்றியில்லாததால் கன்னத்தில் பெயர் ஒட்டி
பிளாஸ்டர் வெள்ளையில் காத்திருக்கும்.
அதற்கு மேல்தட்டில்
என் விமானங்கள்.

ஏழு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியதும்
கிட் பெட்டியைத் திறப்பேன்.
சாம்பல் சட்டத்தில் நூற்றிப்பதினாறு துண்டுகள்,
காம்பில் தொங்கும் பிஞ்சுகள்போல.
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.
மெழுகு செதுக்கும் அதே கத்தி,
பல்லை மினுக்கும் அதே பஃப்,
அதே விளக்கு,
அதே கழுத்துவலி.

எழுபத்திரண்டில் ஒன்று என்பது அளவு.
அந்தக் கணக்கில் நான்
இரண்டு சென்டிமீட்டர், சொச்சம்.
வீட்டுக் கடனையும் வகுத்துப் பார்த்தேன்.
சொசைட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

காக்பிட் கண்ணாடியில் பெயிண்ட் படாமலிருக்க
ஒரு திரவம் விற்கிறார்கள்,
சின்னக் குப்பி எண்ணூறு ரூபாய்.
எனக்குத் தாசையன் அண்ணன்
குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவார்,
இருமல் மருந்துக் குப்பியில் ரப்பர் பால்,
உறையாமலிருக்க ரெண்டு சொட்டு அமோனியா.
“இது எதுக்காக்கும் மக்ளே?”
“பிளேனுக்கு.”
அப்புறம் அவர் கேட்டதில்லை.
பூசி, காயவிட்டு, மேலே பெயிண்ட் அடித்து,
ஊசிமுனையால் ஓரத்தை நெம்பினால்
வெயிலில் கறுத்த தோல்போல உரிந்துவரும்.
உள்ளே
ஒரு விரல்ரேகைகூட இல்லாத ஜன்னல்.

ஆடிமழையில் பெயிண்ட் பூத்துப்போகும்.
ஒரு போர்விமானம் முழுக்கத்
தேமல் படர்ந்து நின்றது.
தேய்த்து எடுத்தேன். மறுபடி அடித்தேன்.
மறுபடி தேமல்.
இப்போது அதைப் பனியில் நின்ற விமானம் என்கிறேன்.

பெட்டியில் வராத வண்டி ஒன்றும் உண்டு.
எந்தக் கிரகத்துக்கு என்று முடிவாகவில்லை.
அச்செடுக்கும் தட்டு அதன் உடம்பு,
பேஸ்ட் மூடிகள் எட்டும் சக்கரம்,
தேய்ந்த டிரில் ஊசிகள் ஆன்டெனா.
ஓட்டுபவருக்கு இடம் விட மறந்துவிட்டேன்.
தரைக்கு மணவாளக்குறிச்சி மணல் ஒரு பிடி,
கறுப்பும் செந்தவிட்டு நிறமுமாய்.
அங்கே கிடந்தால் கடற்கரை,
பலகையில் பசை தடவித் தூவினால்
வேறு ஏதோ சூரியன்.

ஐப்பசியில் முப்பத்தேழாம் துண்டு தொலைந்தது,
மூக்குச் சக்கரத்தின் கால்.
இடுக்கியிலிருந்து தெறித்தது.
விழுந்த சத்தம் கேட்டது, விழுந்த இடம் தெரியவில்லை.
டார்ச் அடித்து, முட்டிபோட்டு,
குப்பையை மாவுச் சல்லடையில் சலித்தேன்.
கிடைத்தது ஒரு கடைவாய்ப் பல்,
யாருடையதோ.

இனயம் சூசைமிக்கேலின் மேல்செட்டுக்குப்
பிசைந்த அக்ரிலிக்கில் ஒரு கிள்ளு மிச்சமிருந்தது.
மெழுகில் கால் செதுக்கி,
நடுவே ஒரு கம்பி வைத்து,
அவர் பல்லோடு ஒரே கொதிநீரில் வேகவைத்தேன்.
வெளியே வந்தது
ஈறு நிறத்தில் ஒரு கால்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர்,
“வ-ன்னு தொடங்கற மாதிரி எதாவது சொல்லுங்க.”
கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
பிறகு,
“வள்ளம்.
வலை.
வாவல்.”
மூன்றும் ஒழுகாமல் வந்தன.
நான் கையிலிருந்த ராவுகோலைக் கீழே வைத்தேன்.

போகிறபோது எட்டிப் பார்த்தார்.
மேல்தட்டில் கண் நின்றது.
“இது பறக்குமா?”
“பறக்காது.”
“பின்ன?”
“நிக்கும்.”
சிரித்தார், என் பல் பதினாலும் தெரிய.

காலுக்குச் சாம்பல் அடித்து முடிந்திருந்தது.
அவரிடம் சொல்லவில்லை.
மேலே திருவனந்தபுரம் பஸ் ஒன்று போனது.
தாடைகள் கிடுகிடுத்தன.
அது
நின்றது.