உரல் மடு

ஈயத்தில் இரண்டு கிலோவைக் கழற்றிக் கரையில் வை என்றான் பஸ்மீர்,
நன்னீர் உன்னைத் தாங்காது.
பத்து வருசம் புறாமலையடியில்
உப்பு தூக்கிப் பிடித்த உடம்பு எனக்கு.
ஆற்றுக்குப் புதுசு.

வெருகல் பாலம் கடந்து மேற்கே,
லேண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் இரண்டு சிலிண்டரும்
முட்டி முட்டி மணியடிக்க வந்தோம்.
கதிராமத்தம்பியின் தண்ணீர்ப் பம்பு
போன கிழமை மடுவுக்குள் விழுந்துவிட்டது.
எடுத்துத் தந்தால் ஐயாயிரம்.
"முதலை?"
"இருந்தா நேற்றே என்ட மாட்டைப் பிடிச்சிருக்கும்."
இன்றைக்கு வேறு மாடு தேடாதா என்று
நான் கேட்கவில்லை.

வாய்க்குள் இலை ஊறிய ருசி.
வெளிச்சம் தேத்தண்ணி நிறம்.
ஆழமானி ஏழு என்றது;
கடலுக்கென்று செய்த கருவி,
ஆற்றில் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும்.

பிறகு பாறை.

முருகைக்கல் போல வளர்ந்ததில்லை இது,
தின்னப்பட்டது.
தரை முழுக்க உரல்கள்,
முழங்கை ஆழம், ஆள் ஆழம்,
இரண்டு உரலுக்கு நடுச்சுவர் உடைந்து
ஒரே வாயாகிப் போனவை.
ஒவ்வொன்றின் அடியிலும்
உருண்டையாய் ஒரு கல்.
வெள்ளம் பிடித்துச் சுழற்றச் சுழற்ற
அந்தக் கல்தான் அந்தக் குழியைக் குடைந்தது,
குடைந்து குடைந்து
தானும் முட்டையளவாய்த் தேய்ந்து கிடக்கிறது.

பஸ்மீர் ஒன்றுக்குள் கையை விட்டான்.
அட்டை பொறுக்கிய கை, எதையும் பைக்குள் போடும் கை.
எடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.
எடுக்கவில்லை.
ஒரு சுற்றுச் சுற்றினான்.
கர்ர்ர்.
நீருக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது.
என் பல்லுக்குள் அரைந்தது அது,
முதுகுக்குப் பின்னாலும்.
இன்னொரு சுற்று.
முகமூடிக் கண்ணாடிக்குள்
அவன் கண் சிறுபிள்ளைக் கண்.

பம்பு மூன்றாவது உரலுக்குள் தலைகீழாய் இருந்தது,
அளவெடுத்துச் செய்த மாதிரி.
கயிறு கட்டி இழுத்தோம். வந்தது.
கரையில் கதிராமத்தம்பி பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து
ஆற்றை ஒரு கெட்ட வார்த்தையால் வாழ்த்தி
நாலாயிரத்தி ஐந்நூறு தந்தார்.
மிச்சம் மாரிக்குப் பிறகாம்.

நிலாவெளிக்கு வந்து சேர இருட்டிவிட்டது.
வழமைபோல் பீப்பாயை நிரப்பி
உடுப்பை, துடுப்பை, குழாயை முக்கப் போனேன்.
"உப்பே இல்லையே, எதைக் கழுவுறாய்?"
தெரியும்.
ஆனாலும் முக்கினேன், பீப்பாய்க்குள் கையை விட்டு
வட்டமாய்
சுற்றிக்கொண்டே இருந்தேன்.