எதிர்சேவை இரவில் இரண்டு கிராம்

தல்லாகுளம் இன்று தூங்காது.
பெருமாள் கோயிலில் அழகர் தங்கியிருக்கிறார்,
விடிந்தால் ஆறு.
எங்கள் சந்து முனைவரை பாய் விரித்துக் கிடக்கிறார்கள்
மேலூர்க்காரர்களும் திருப்புவனத்துக்காரர்களும்.
வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன்.
குதிரை வாகனம் போகும் தெருவில்
எந்தக் கம்பி தாழ்ந்திருக்கிறது என்று
அண்ணாந்து நிற்பார் காலைவரை.

எனக்கும் ராத்திரி டூட்டிதான்.

பன்னிரண்டு மணிக்கு அறுபத்தெட்டு.
கீட்டோன் நாலு புள்ளி இரண்டு.

சோறு தொடாமல் ஏழு மாதம்.
வெண்ணெய், தேங்காயெண்ணெய், முட்டை மஞ்சள்,
பதினோரு கிராம் சுரைக்காய்.
பன்னிரண்டு காட்டினால்
ஒரு துண்டைத் திரும்ப எடுக்க வேண்டும்,
அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.
வலிப்பு வந்து நாற்பத்தியோரு நாள் ஆகிறது.
எண்ணாதே, கண்ணு பட்டுரும் என்கிறார் மாமியார்.
எண்ணாமல்?
என் பிழைப்பே அதுவாகிவிட்டது.

இரண்டு பத்து.
விரல் நுனியில் குத்தக் கூடாது, ஓரத்தில்.
நேற்று வலது கை, இன்று இடது.
தூக்கத்திலேயே கையை நீட்டுகிறான் சோலைமலை,
வளையல்காரரிடம் நீட்டுவதுபோல.

நாற்பத்தாறு.

நம்பாமல் இன்னொரு ஸ்ட்ரிப்.
நாற்பத்து நாலு.
பின்கழுத்து நனைந்திருக்கிறது.
சோலை என்றால் ம் வருகிறது,
கண் வரவில்லை.

இதற்கென்றே நிற்கும் சாத்துக்குடிச் சாறு
ஃப்ரிட்ஜ் கதவில்.
நின்றது.
சாயங்காலம் ஊர்வலத்துக்காகக் கரண்டை நிறுத்தினார்கள்,
புளித்த வாடை, கொட்டினேன்,
பழம் வாங்க மறந்தேன்.
மறந்தேன் என்று எழுத
ஆஸ்பத்திரி நோட்டில் கட்டம் இல்லை.
முனைக்கடை வாசலை
ஆயிரம் பேர் மறித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
இந்த வீட்டில் இனிப்பென்று ஒரு துளி கிடையாது.

பீரோவின் மேல் இருக்கிறது செம்பு.

வலிப்பு நின்றால் எடுக்கிறேன் என்று
பங்குனியில் நேர்ந்தது.
நேற்று ஒரு கிலோ வாங்கி
அவன் பள்ளி விட்டு வருமுன் நிரப்பி,
வாயில் இலை கட்டி, பூச்சுற்றி, மேலே ஏற்றினேன்
அவன் கண்ணுக்கும் எறும்புக்கும் எட்டாமல்.
முடிச்சை அவிழ்க்க வரவில்லை.
பல்லால் கடித்தேன்.

அவசரத்திலும் தராசு.
பூஜ்யம் வரும்வரை காத்திருந்து
ஒரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை,
இரண்டு புள்ளி மூன்று,
மூன்றை விரலால் தள்ளினேன்.
வெந்நீரில் கலக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து,
ஊசியில்லாத சிரிஞ்சால்
கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே
சொட்டுச் சொட்டாக.
விழுங்குகிறானா என்று
தொண்டையில் என் விரல்.

பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
எட்டாவது நிமிடத்தில் கண்ணைத் திறந்தான்.

"அம்மா, இனிக்குது."
"ம்."
"என்னம்மா இது?"
"மருந்துடா."
உதட்டை நக்கிக்கொண்டான். மேலுதடு, கீழுதடு,
ஓரம் இரண்டும்.
"இன்னும் கொஞ்சம் மருந்து குடு."

வெளியே வேட்டு.
கோவிந்தா என்று சந்து முழுக்க எழுந்தது.
எனக்கு அது வசதியாகப் போயிற்று,
காதில் விழாததுபோல் போர்வையை இழுத்துவிட்டேன்.

அறுபத்து மூன்று.

செம்பை மறுபடி கட்டினேன்.
சர்க்கரையில் என் விரல்கள் பட்ட பள்ளம்.
தட்டினால் சமமாகிவிடும்.
தட்டவில்லை. ஆற்றங்கரையில் திரி ஏற்றும்போது
பார்க்கட்டும் அவர்,
அவருக்கு முன்னால் யார் வந்து போனது என்று.

நோட்டில்:
2.10: 44. சர்க்கரை 2.0 கி. 2.40: 63.
குறிப்பு என்ற கட்டத்தில்
கடன் என்று எழுதி,
அடித்துவிட்டு,
மூன்றரைக்கு அலாரம் வைத்தேன்.