உப்பிடாதவள்

முதலில் சால்மன் மீன் பிஸ்கட்.
நார்வேயிலிருந்து வந்ததாம்.
நான் பன்வேலைத் தாண்டி நாலு வருஷம்.
சில்லறை மோந்து பார்த்தது,
கவ்வியது,
சோஃபா இடுக்கில் பத்திரமாய் வைத்துவிட்டு
என்னைப் பார்த்தது:
இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்.

அடுத்து யாக் பாலில் இறுகிய இமயமலைக் கட்டி.
கல்லேதான். சுத்தியலால் உடைத்ததில்
கீழ்வீட்டு கஜ்தர் அம்மாள் மேலேறி வந்துவிட்டார்.
விஷயத்தைக் கேட்டு, முட்டை போடு, என்றார்.
அவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலே முட்டைதான்.
வெண்டைக்காய் மேலே, உருளைக்கிழங்கு மேலே,
பன்னிரண்டு வயது லாப்ரடாரின் சோற்றுக்கு மேலே.
போட்டேன்.
மஞ்சளைத் தின்று வெள்ளையை விட்டது.
மறுநாள் வெள்ளையைத் தின்று மஞ்சளை விட்டது.
மூன்றாம் நாள் தட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

மாதுங்காவில், ஃபைவ் கார்டன்ஸில்,
சாயங்காலம் கூடுகிறவர்களுக்கு வேறு பேச்சு கிடையாது.
பானுஷாலி தன் பீகிளுக்கு வெங்காயம் பூண்டு காட்டுவதில்லை.
டாக்டரும் அதையே சொன்ன நாளிலிருந்து
மனிதருக்கு நடையே மாறிவிட்டது.
காயவைத்த ஆட்டு மூச்சுக்குழல் என்றார்கள்.
பூசணிக்காய் என்றார்கள்.
ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, ஈரல், என்றார்,
குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல.
எல்லாம் வாங்கினேன்.
வங்கியில் பதவி உயர்வு நேர்காணலில்
கைக்குட்டையை எடுத்தபோது மேஜையில் விழுந்தது
ஈரல் துண்டு ஒன்று.
பெயர் வைத்தபோது எனக்குத் தெரியாது,
சில்லறைக்கு நோட்டாக அவிழ்க்கவேண்டும் என்று.

பிறகு அரிப்பு.
காதோரம் முடி கொட்டி வட்டம் வட்டமாய்.
எட்டு வாரம், என்றார் டாக்டர்,
இந்த ஒரே பை, வேறெதுவும் நாக்கில் படக்கூடாது.
ஆறாயிரத்து நானூறு. சாம்பல் நிற உருண்டைகள்.
உப்பு? என்றேன்.
உப்பா? என்றார்,
எலிப்பாஷாணம் கேட்டவளைப் பார்ப்பதுபோல.

ஆறாம் வாரம், மழை இரவு,
அரிப்பு நிற்காமல் அது சுவரில் தேய்த்துக்கொண்டிருக்க
நானே ஓர் உருண்டையை வாயில் போட்டேன்.
நனைந்த அட்டைப்பெட்டி.
வெகுநேரம் கழித்து,
எங்கோ ஒரு கோழி இருந்திருக்கலாம் என்கிற சந்தேகம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
நாலாம் வகுப்பில் நூறு தடவை எழுதியிருக்கிறேன்.
நான் இட்டதே இல்லை.
இது எதை வைத்து என்னை நினைக்கும்?

காய்ச்சலோடு பாதி நாளில் திரும்பிய புதன்கிழமை
நாய்களை நடத்திப்போகும் ரோஹிதாஸ்
பூங்காச் சுவரில் உட்கார்ந்து டப்பா திறந்திருந்தான்.
இடுப்பில் ஆறு கயிறுகள்.
அரிசி பாக்ரி, அதன்மேல் வறுத்த பொம்பில் கருவாடு,
தெருமுனை வரை மணம்.
ஐந்து நாய்கள் அவன் வாயைப் பார்த்தன.
சில்லறை மட்டும் கையைப் பார்த்தது,
சம்பள நாளின் நிதானத்தோடு.
ஒரு துண்டு. எட்டணா அகலம்.
விழுங்கவில்லை, மென்றது.
அது மெல்லும் என்பதே எனக்குத் தெரியாது.

மரத்துக்குப் பின்னால் நின்றேன்,
புருஷன் இன்னொருத்தி வீட்டில்
மறுசோறு கேட்பதைப் பார்த்துவிட்டவள் மாதிரி.
திட்டத்தான் போனேன்.
அவன் எழுந்து கையைப் பின்னால் துடைத்து
ஜுரமா மேடம், முகம் வாடியிருக்கே, என்றான்.

சொல்லவேண்டியதை மறுநாள் சொன்னேன்.
தலையாட்டினான்.
இப்போது வாட்ச்மேன் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறான்.
எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணினோம்.
காது ஆறிவிட்டது. முடி வருகிறது.

விடுமுறை நாளிலும் ஒன்றரை மணிக்கு
வாசற்கதவுக்குப் போய் உட்காருகிறது சில்லறை.
உருண்டைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறேன்.
தின்கிறது.
தின்று முடித்துக் கையை நக்குகிறது,
விரலிடுக்கு வரை, நெடுநேரம்.
பாசத்தைப் பார், என்கிறார் கஜ்தர் அம்மாள்.

மே மாதம். வியர்வை.
துடைக்காமல் நீட்டுகிறேன்.