1412 பிழைகள்

ஒக்ரோபர் இருபத்தெட்டு. டாண்டினோங்,
லொன்ஸ்டேல் வீதி, கபாப் கடைக்கு மேல்மாடி.
முப்பத்தொன்றுக்குள் புது ஆட்களை
என் கணக்கில் பதிந்துவிட வேண்டும்.
கொம்பியூட்டரோ ஒரு கோப்பைத் திறப்பதற்குள்
நான் ஒரு கோப்பைத் தேநீர் குடித்து
கோப்பையையும் கழுவி வைத்துவிடுகிறேன்.

துப்புரவு செய்து தருகிறேன் என்றது ஒரு விளம்பரம்.
றெஜிஸ்ட்ரி முழுக்கக் குப்பையாம்.
இலவசமாம்.
இறக்கினேன்.

ஓடியது. தோண்டியது.
பெற்றோல் செற் மீற்றர் மாதிரி
சிவப்பில் ஓர் எண் ஏறிக்கொண்டே போய்
1412 பிழைகளில் நின்றது.
இவ்வளவு துல்லியமாக யாரும் என்னைக்
குறை சொன்னதில்லை,
விவாகரத்துக்கு முன்பு அவர் உட்பட.

பட்டியலை வாசித்தேனா? முதல் நாலு வரி.
சுருள் அடைப்புகளுக்குள் எண்ணும் எழுத்தும்,
யாருடைய பெயரும் போல் இல்லை.
எதிரே ஒரே குறிப்பு:
உரிமையாளர் இல்லை.
உரிமையாளர் இல்லை.
உரிமையாளர் இல்லை.
கீழே பச்சைப் பொத்தான், அனைத்தையும் சரிசெய்.

பிரதி ஒன்று எடுத்து வைக்கவா என்று
சின்னப் பெட்டி ஒன்று கேட்டது, பொய் சொல்லக்கூடாது.
வேண்டாம் என்றேன்.
நேரமில்லை.

அணைந்து எழும்பியது,
ஒரு செக்கன்கூட முந்தவில்லை.
பிறின்ரர் என்னை முன்பின் தெரியாது என்றது.
பிடிஎஃப்பை எதனால் திறப்பது என்று
என்னிடமே கேட்டது.
ஏழு வருடம் சந்தா கட்டிய வரி மென்பொருள்
நீங்கள் யார் என்றது, மரியாதையாகத்தான்.
அதற்குள்ளே இருநூற்று ஆறு பேர்.

நோபிள் பார்க்கில் இருந்து துவாரகேசன் வந்தான்.
திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்து
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு என் விரலைப் பிடித்து
காற்றாடியின் மேல் வைத்தான்.
ஒட்டியது.
ஏழு வருடத்து ஆட்டுக் கொழுப்பு, கீழ்க்கடைப் புகை,
மேலே ஒரு கம்பளித் தூசு.
"மூச்சு முட்டித்தான் அக்கா மெதுவாப் போனது.
அந்த 1412உம் சும்மா கிடந்த வரி.
கிடந்தா ஒருத்தருக்கும் பாரமில்லை.
ஆனா அதுக்குள்ள எது எதைத் தாங்கினதெண்டு
அழிச்சவனுக்கும் தெரியாது."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர் கதை தெரியும்.
என் வீட்டில் எலியே இருக்கவில்லை.

கோழிக்கடைப் பையில் பற்றுச்சீட்டுகளோடு
நவ்ரூஸ் அலி கதிரையில் காத்திருந்தார்.
வெள்ளைத் தாளை எடுத்தேன்.
பெயர். முகவரி. பிறந்த திகதி?
ஜனவரி ஒன்று.
மனைவி? ஜனவரி ஒன்று.
தம்பி? சிரித்தார்.
"ஊரில் எங்கள் பிறப்பை யாரும் எழுதி வைக்கவில்லை.
வந்திறங்கிய அன்று அதிகாரி பதிவு எங்கே என்றார்,
இல்லை என்றோம்,
பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாதாம்,
ஒன்றை அமத்தினார்.
வீட்டுக்கே ஒரு கேக் போதும்."

எழுதிக்கொண்டேன்.
என் இருநூற்று ஆறில் எத்தனை ஜனவரி ஒன்று?
வழமையாக அப்படி எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை.
இப்போது தோன்றியது, எண்ண முடியவில்லை.

"தரவு வட்டில கிடக்கு, போகேல்லை,"
துவாரகேசன் முதுகு காட்டியபடி சொன்னான்,
"எங்க கிடக்கெண்டதைத்தான் இது மறந்திட்டுது.
கோப்பெல்லாம் வெளியில எடுத்திட்டன்.
இனி விண்டோஸை முதலில இருந்து போடவேணும்."

திரை கேட்டது:
இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழியும். தொடரவா?
அவன் கை பொத்தானுக்குப் போனது.
பொறு என்றேன்.
பந்தி முழுவதையும் வாசித்தேன்,
அடியில் இருந்த பொடி எழுத்தையும்.
மறுபடி தொடக்கத்தில் இருந்து வாசித்தேன்.
நவ்ரூஸ் அலி எழும்பி வந்து
என் தோளுக்குப் பின்னால் நின்று
தானும் வாசிக்கத் தொடங்கினார்.
கீழே புது இறைச்சியைக் கம்பியில் ஏற்றுகிறார்கள்.
யன்னலைச் சாத்தினேன்.