நான்கு விநாடி

எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூரில் ஏறிய டிசம்பரில்
என் பழைய சிபியு மூன்று நாள் முழுகிக் கிடந்தது.
தூக்கிச் சாய்த்தபோது விசிறியின் வழியே
கறுப்பாக ஒழுகின
பாதி ஊரின் பிறந்தநாள்கள்.

பிராசசரை மட்டும் கழற்றி
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
வளைந்த கால்களைப் புருவம் திருத்தும் இடுக்கியால்
ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.
பயனில்லை என்று தெரியும்.
கை சும்மா இருக்கவில்லை.

நிவாரணம் ஆறாயிரம்.
ஏலச்சீட்டில் தள்ளி எடுத்தது முப்பத்தெட்டு.
எம்.சி. ரோட்டில் நைட்டிக் கடைக்கு மேல்மாடி,
ஜக்கரியா மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தான்.
ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு.

"நீலம் குதிரைக்கா. தொட்டா ஓடும்.
ஆனா சூடாவும், கரண்டு குடிக்கும்.
ஆரஞ்சு சாது. நாலாயிரம் கம்மி.
நாலு வருஷம் கழிச்சு இதே போர்டுல புதுசு மாட்டிக்கலாம்."

நாலு வருஷம் கழித்து என்பதை
எங்கள் பக்கம் யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

கரண்ட் பில்லின் பின்பக்கம் நடுவே கோடு கிழித்து
இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன்.
ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்துக்குப் பத்து அறை, மே மாதம்.
ராத்திரியானால் லோ வோல்டேஜ்.
இந்தப் பக்கம் ஒரு டிக், அந்தப் பக்கம் ஒரு டிக்.
சமமாகவே வந்துகொண்டிருந்தது, எரிச்சலாக.

என் தொழில் பிளெக்ஸ் டிசைன்.
காது குத்து, மஞ்சள் நீராட்டு,
வட்டச் செயலாளர் ஆனவருக்கு வாழ்த்து,
எல்லாரும் காத்திருப்பார்கள்.
சாவு காத்திருக்காது.
இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி
செல்போனில் ஒரு முகத்தை நீட்டுவார்கள்:
"ஆறு மணிக்குள்ள கட்டணும்."
கல்யாண போட்டோவிலிருந்து ஆளை மட்டும் வெட்டி,
தோளில் கிடக்கும் மனைவியின் கையை அழித்து,
பின்னால் மேகம் வைத்து
இருபதுக்குப் பத்தடி.
அந்த நேரத்துக்குக் குதிரைதான் வேண்டும்.

"எதுக்கும் ரெண்டுலயும் ஓட்டிக் காட்டு"
பென்டிரைவை நீட்டினேன்.
"இருக்கறதுலயே பெரிய பைல் எதுவோ, அதைத் திற."

நீலத்தில் கிளிக் செய்ததுமே வந்து நின்றான்
ஷேர் ஆட்டோ மகிமைதாஸ்.
முழுசாக. பல் தெரியச் சிரித்து.
கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து உட்பட.
"எப்படிக்கா வேகம்?"
கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆரஞ்சு வேறு மாதிரி.
முதலில் மேகம்.
பிறகு பட்டை பட்டையாக முடி,
அவன் எண்ணெயே காட்டாத முடி.
நெற்றி.
கண் வந்து சேர்வதற்குள் எனக்கு வந்துவிட்டது,
தண்டையார்பேட்டையிலிருந்து என் மானிட்டரை
சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி
கொண்டுவந்து இறக்கியவன்
நூற்றைம்பதை வாங்காமல் சொன்னது:
"விடுக்கா, என் பர்த்டே பேனர்ல கழிச்சிக்கோ."

மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி.
அவன் மச்சான் விடியற்காலையில் வந்து
இரண்டாயிரத்து நானூறு எண்ணிக் கொடுத்தான்.
வாங்கி எண்ணினேன் நானும்.
கழிக்கவில்லை.
மறந்துவிட்டேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

மூக்கு. வாய்.
அப்புறம்தான் சிரிப்பு.

"நாலு விநாடி அதிகம்க்கா" என்றான் ஜக்கரியா,
தன் தப்பு போல.
"ஆரஞ்சே போடு" என்றேன்.
"நைட்டு அவசர வேலைன்னீங்களே?"
"கரண்ட் பில்" என்றேன்.

வீட்டிலும் அதையே சொன்னேன். பொய்யில்லை.
தனபால் பில்லின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

வரும்போது ஷேர் ஆட்டோவில்
பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன்.
ஆனாலும் பெட்டிக்கும் சேர்த்துக் காசு கேட்டான்,
யாரோ புதுப் பையன்.
கொடுத்தேன்.