மூன்றாவது பொறி

தேங்காய்ப்பட்டணம் துறைமுகம்.
விடியற்காலம் மூன்று மணி.
எட்டு டன் ஐஸ் ஏறிவிட்டது.
டீசல், குடிதண்ணீர், மரச்சீனி,
ஒரு குலை நேந்திரங்காய், நாற்பது நாள் அரிசி,
எஞ்சின் அறையில் மாதா படத்துக்குப் புது மாலை.
வெள்ளம் ஏறியதும் முகத்துவாரம் தாண்டவேண்டும்.
தப்பினால் மணல்மேடு விடாது.

அப்போதுதான் பிரிஸ்கில்லா சொன்னாள்:
"சாக்கையெல்லாம் அவிழ்க்கணும்."

பறவை எண்ண வந்தவள்.
வள்ளவிளைக்காரி, கிளமென்ஸின் மகள்.
கையில் ஒரு டார்ச், மூன்று பொறி,
ஒரு டப்பா கடலை மிட்டாய்.
"எலிக்குக்கூட பிறந்தநாளா?" என்றான் அன்சலம்.
சிரித்தோம். நானும்தான்.
ஸ்ராங்கு சிரித்தால்
மற்றவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள்.

அவள் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை.
"அந்தத் திட்டில் மரம் கிடையாது மாமா.
முட்டை வெறும் மணலில் கிடக்கும்.
எலி என்று ஒன்று இருப்பதே
ஆலாக்களுக்குத் தெரியாது.
சூல்கொண்ட ஒன்று நீந்திக் கரையேறினால் போதும்."

அந்தத் திட்டு
மேற்கே எத்தனை நாள் ஓட்டம் என்று சொல்லமாட்டேன்.
பெயரும் சொல்லமாட்டேன்.
பெயர் சொன்ன இடத்துக்கெல்லாம்
வாளியோடு ஆள் போயிருக்கிறான்.

வாளி இல்லாமல் போனவன் நான்.
இருபத்திரண்டு வயது. எஞ்சின் செத்து
நீரோட்டம் இழுத்து அங்கே ஒதுக்கியது, மூன்று பேரை.
ஆறு நாள்.
கால் வைக்கும் இடமெல்லாம் முட்டை.
தலைக்குமேல் வெயிலை மறைக்கும் கூச்சல்.
முதல் நாள் அவித்தோம்.
பிறகு தீப்பெட்டி நனைந்துபோயிற்று.
ஒன்றை உடைத்தபோது உள்ளே
கண் திறவாத குஞ்சு,
அலகு நுனியில் குருணை அளவு வெள்ளை.
தின்றேன்.
பொய் சொல்லி என்ன, தின்றேன்.
அதன் தாய் என் உச்சந்தலையைக்
கொத்திக்கொண்டே இருந்தாள்.
ஒருத்திக்கு ஒரு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் என்று
போன மாதம் பிரிஸ்கில்லா சொல்லித்தான் தெரியும்.

"அவிழ்" என்றேன் அன்சலத்திடம்.

அரிசியில் இல்லை. மரச்சீனியில் இல்லை.
ஐஸ் அறைக்குப் பின்னால், பழைய வலைக் குவியலில்
பாலித்தீன் கிழிசல், பீடிக்கட்டுக் காகிதம்,
என் தொலைந்த பனியனின் கை.
எல்லாம் சேர்த்து ஒரு கூடு.
நன்றாகவே கட்டியிருந்தது.
உள்ளே ஆறு, விரல்நுனிச் சிவப்பில்.
அவற்றை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள்.
தாய் மட்டும் தப்பிவிட்டது.

வெள்ளம் ஏறியது. இறங்கியது.
மற்ற படகுகள் அந்தோணியார் பேரைச் சொல்லி
ஒவ்வொன்றாக மேட்டைத் தாண்டின.

முதலாளி போனில் கத்தினார்:
"ஒரு எலிக்கா ஒரு நாள்?"
"ஆமா, ஒரு எலிக்குத்தான்.
ஆலா முங்குகிற இடத்தில்தானே சூரை.
அதுவும் இல்லாமல்போனால்
எதைப் பார்த்து நான் தூண்டில் விடுவது?"
அது அவருக்குச் சொன்ன காரணம்.
இன்னொன்று
முடி முளைக்காத காசளவு இடமாக
தொப்பிக்குள் இருக்கிறது.

ராத்திரி ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.
ஐஸ் தண்ணீர் சொட்டும் சத்தம்
கப்பலில் யாரோ காசு எண்ணுவதுபோல.
இரண்டரைக்கு மூன்றாவது பொறி அடித்தது.
முதலில் ஓடியது அன்சலம்.

டார்ச் வெளிச்சத்தில் அது எங்களைப் பார்த்தது.
பால் கட்டிய வயிறு.
வாயில் இன்னும் மிட்டாய்த் துணுக்கு.
யாரும் ஒன்றும் பேசவில்லை.

பிரிஸ்கில்லா நோட்டில் நேரத்தை எழுதினாள்.
வலைக் குவியலை இன்னொருமுறை கிளறினாள்.
பிறகு என் முகத்தைப் பாராமல்,
"ஆண் ஒன்று இருக்கும்.
இன்னொரு ராத்திரி பார்க்கணும் மாமா."

ஐஸ் ஏழு டன் ஆகியிருந்தது.
மிட்டாய் டப்பாவை அன்சலம் திறந்தான்.