ஒன்பது கூட்டல் குறிகள்

நான் தொட்ட இடம் ஒன்று,
கோடு விழுந்த இடம் வேறு.
நாலு விரற்கடை தள்ளி, வலப்பக்கம், சற்று மேலே,
இன்னொருத்தி என் கையெழுத்தில்
எழுதிக்கொண்டிருந்தாள்.

செம்பூர். பி.எட். இரண்டாம் ஆண்டு. அறை எண் பதினொன்று.
ஜன்னலோரம் விரித்துவைத்த குடைகளிலிருந்து
ஜூலை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
பெஞ்சில் இருந்தவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்,
அதாவது, அப்படி நடிக்கச் சொல்லப்பட்டவர்கள்:
ஷப்னம் குரேஷி, வயது இருபத்தொன்பது,
கிரண் லோபோ, ஆறடி இரண்டங்குலம்,
ஏழாம் மாத வயிற்றோடு பிராஜக்தா காம்ளே.
கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு சுர்வே மேடம்.
அவர் மட்டும் நடிக்கவில்லை.

பாடம், நீர்ச் சுழற்சி.
பேசுவது இந்தியில், திரையில் தமிழ்.
அடுத்த வாரம் எனக்கு விழுந்திருப்பது
தாராவியில் ஒரு தமிழ் வழிப் பள்ளி.
குர்லா வீட்டின் ஒற்றை அறையில்
வெளிச்சம் அண்ணன் கண்ணில் படாமல்
போர்வைக்குள் செய்த இருபத்திரண்டு ஸ்லைடுகள்.
மேகம் நகரும். அம்புக்குறி துள்ளும்.
போர்வைக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
இங்கே வந்ததும் ‘ஆவியாதல்’
எட்டுச் சின்னப் பெட்டிகளாகிவிட்டது.
எழுத்து ஐந்துதானே என்று
திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நின்றேன்.

“படமாச் சேமிச்சு ஒட்டு,
அது எழுத்துன்னு அதுக்குத் தெரியவே வேண்டாம்,”
பிராஜக்தா மெல்லச் சொன்னாள்.
சொன்ன வாய் மூடுமுன் பதினொரு வயதாகி,
“டீச்சர், லோபோ பென்சிலால குத்துறான்!”

பிறகுதான் ஷப்னம் கை தூக்கினாள்.
“டீச்சர், இங்க தொட்டா ஏன் அங்க வருது?”
கேட்டது பிள்ளையா, ஷப்னமா,
முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.
எனக்கும் தெரியவில்லை.
“நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்றேன்.”
இதை எனக்கு எந்தத் தாளிலும் யாரும் பாடமாக வைக்கவில்லை.
தானாக வந்தது.

செட்டிங்ஸைத் திற, என்றார் மேடம்.
வெள்ளைத் திரையில் ஒவ்வொன்றாக
ஒன்பது கூட்டல் குறிகள் வரும்,
ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் தொட வேண்டும்.
மேல் வரிசை எனக்கு எட்டவில்லை.
இருந்த ஒரே நாற்காலிக்குச் சக்கரம்.
மேலே மூன்றும் லோபோ.
அவன் விரல் தடிமனுக்கு “மீண்டும் தொடவும்”
இரண்டு முறை வந்தது; கடைசியில்
ஷப்னத்தின் ஹேர்பின் நுனியால் தொட்டான்.
நடு மூன்றும் நான்.
கீழ் மூன்றுக்குப் பிராஜக்தா
அந்தச் சக்கர நாற்காலியை உருட்டிவந்து,
“குனியத்தான் முடியாது, உட்காரலாமே,” என்றாள்.
ஷப்னம் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்,
வண்டி நகராதபடி.

இப்போது கோடு விரலோடு வந்தது.
இடப்பக்கக் கீழ் மூலையில் மட்டும்
ஒரு நூல் விலகல்.
“அப்போ உள்ள உதைச்சான்,” என்றாள்.
திருத்தவில்லை. அப்படியே விட்டோம்.

மேடத்தின் தாளில்
என் பெயர் மாடத்தி, மடாத்தி ஆகியிருந்தது.
கரும்பலகைப் பயன்பாடு: பொருந்தாது.
நேர மேலாண்மை: பத்துக்கு மூன்று.
பதினான்கு நிமிடம் வீண், என்று சிவப்பில்.
மழை பெய்ய வேண்டிய ஸ்லைடு
பதினேழாவது. அதுவரை போகவே இல்லை.

மறுநாள் மாலை. திலக் நகர் தாண்டுகிறது லோக்கல்.
ஒரு கை மேலே வளையத்தில்,
ஒரு கையில் போன்.
ஷப்னம் அனுப்பியிருக்கிறாள்:
டீச்சர், நாளைக்குன்னு சொன்னீங்க.

பதில் எழுதுகிறேன்.
ரயில் குலுங்குகிறது.
தொடுவது ஓர் எழுத்தை,
விழுவது பக்கத்து எழுத்து.
அழிக்காமல் அனுப்புகிறேன்.